மருந்தடிக்கும் முன் பூச்சியின் முதுகைப் பாருங்கள்

நாவாய்ப் பூச்சிகளின் இறக்கை அமைப்பைக் கொண்டு நண்பனையும் பகைவனையும் பிரித்தறியும் முறை

சம்பா நெல் தொண்டைக் கதிரைத் தாண்டிப் பூக்கத் தொடங்கிவிட்டால் விவசாயிக்குக் காவல் வேலை கூடிவிடுகிறது. காலையில் வரப்பில் நடந்தபடி பயிரைக் கையால் அசைத்தால் பச்சை நிறச் சிறு பூச்சிகள் எழும்பிப் பறக்கின்றன. தத்துப்பூச்சி வந்துவிட்டது என்று முடிவு கட்டி, அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போய், கொடுத்ததை வாங்கி வந்து அடித்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீய்ந்து நிற்கிறது. மருந்தடித்த வயலில் புகையான் எப்படி வந்தது என்று புரியாமல் விவசாயி மறுபடியும் கடைக்குப் போகிறார்.

காரணம் இதுதான். அன்று எழும்பிப் பறந்த பச்சைப் பூச்சிகள் எல்லாமே தத்துப்பூச்சி அல்ல. அவற்றில் ஒரு பகுதி, புகையானின் முட்டையை உறிஞ்சித் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப் பூச்சியாக இருந்திருக்கலாம். நிறமும் உருவமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்ததால், காவலுக்கு வந்ததைக் கள்வன் என்று எண்ணி அடித்துவிட்டதுதான் மிச்சம்.

இந்தத் தவறைத் தவிர்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு சிறு பூதக்கண்ணாடியும், பூச்சியின் இறக்கையில் எதைப் பார்க்க வேண்டும் என்ற தெளிவும் இருந்தால் போதும்.

பெயர் வந்த விதம்

நெல்லில் கதிர் நாவாய்ப் பூச்சி, பருத்தியில் சிவப்பு நாவாய்ப் பூச்சி, வீட்டில் மூட்டைப்பூச்சி, குளத்து நீரின் மேல் ஓடும் பூச்சி ஆகிய எல்லாம் ஒரே பெருங் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மெல்லும் வாய் கிடையாது. ஊசி போன்ற குழல் வாயைக் குத்தி, சாற்றையோ இரத்தத்தையோ உறிஞ்சிப் பிழைக்கின்றன. புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியனவும் இதே வரிசையில் வரும் நெருங்கிய உறவினர்களே.

இந்த வரிசைக்கு 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் ‘ஹெமிப்டிரா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘ஹெமி’ என்றால் பாதி, ‘டிரான்’ என்றால் இறக்கை. தமிழில் ‘அரை இறக்கைப் பூச்சிகள்’ எனலாம். இறக்கை பாதியளவுதான் இருக்கும் என்பது இதன் பொருள் அல்ல. முன் இறக்கையின் ஒரு பாதி தோல்போல் தடித்தும், மறுபாதி வெங்காயச் சருகுபோல் மெலிந்தும் இருப்பதால் வந்த பெயர் இது. உலகில் இந்த வரிசையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

அப்படிப் பாதி தடித்து, பாதி மெலிந்த முன் இறக்கை உண்மையான நாவாய்ப் பூச்சிகளுக்கு மட்டுமே உண்டு. பூச்சியியலார் இவற்றைத் தனியே பிரித்து ‘ஹெட்டிராப்டிரா’, அதாவது வேறுபட்ட இறக்கை உடையவை என்கிறார்கள். தத்துப்பூச்சி, அசுவினி முதலியவற்றின் முன் இறக்கை முழுவதும் ஒரே தன்மையாக இருக்கும். பழைய புத்தகங்களில் இவற்றை ‘ஹோமாப்டிரா’, அதாவது ஒத்த இறக்கை உடையவை என்று எழுதியிருப்பார்கள். இப்போது இவற்றை ஒரே பிரிவாகக் கொள்வதில்லை. தத்துப்பூச்சிகள் ஒரு பிரிவிலும், அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை மற்றொரு பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் வயலில் நின்று பார்க்கும் விவசாயிக்குப் பழைய அடையாளம் இன்றும் பயன்படுகிறது.

ஓர் இறக்கையில் நான்கு பாகம்

இறக்கையைப் பார்த்துப் பழகக் கதிர் நாவாய்ப் பூச்சிதான் வசதியானது. ஓரளவு பெரியது, எளிதில் கிடைப்பது. ஒன்றைப் பிடித்து, சிறு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிடித்த கை நாறும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

முதலில் தலை தெரியும். அதற்குப் பின்னே கழுத்துப் பட்டை போன்ற தடித்த தகடு. அந்தத் தகட்டுக்குப் பின்னால், இரண்டு இறக்கைகளும் முளைக்கும் இடத்துக்கு நடுவே, தலைகீழாக வைத்த ஒரு சிறு முக்கோணம் இருக்கும். இதற்கு ‘ஸ்குட்டெல்லம்’ என்று பெயர். லத்தீனில் சிறு கேடயம் என்று பொருள். இது இறக்கை அல்ல. முதுகு ஓட்டின் ஒரு பகுதி.

முக்கோணத்தின் இருபுறமும் தொடங்குபவை முன் இறக்கைகள். இந்த அரைத்தோல் இறக்கைக்குப் பூச்சியியலில் ‘ஹெமிலிட்ரா’ என்று பெயர். வண்டுகளின் முழு ஓடு போன்ற முன் இறக்கை ‘எலிட்ரா’, அதாவது உறை. நாவாய்ப் பூச்சியினுடையது அரை உறை.

இந்த இறக்கையில் கீழ்க்கண்ட பாகங்கள் உண்டு.

1. கோரியம்: இறக்கையின் வெளிப்புற, முன்பக்கத் தடித்த பகுதி. லத்தீனில் கோரியம் என்றால் தோல். பெரும்பாலும் பூச்சியின் நிறமும் புள்ளியும் இங்கேதான் இருக்கும். பருத்திச் சிவப்பு நாவாய்ப் பூச்சியின் இரு கரும்புள்ளிகளும் பக்கத்துக்கு ஒன்றாகக் கோரியத்தில்தான் உள்ளன.

2. கிளேவஸ்: முக்கோணத்தை ஒட்டி உள்பக்கமாக இருக்கும் குறுகலான தடித்த பகுதி. கோரியத்துக்கும் இதற்கும் இடையே மடிப்புக் கோடு ஒன்று ஓடும்.

3. மெம்பிரேன்: இறக்கையின் நுனிப் பகுதி. தமிழில் சவ்வு எனலாம். ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக இருக்கும். சிலவற்றில் கருத்திருக்கும். இதில் ஓடும் நரம்புகளின் அமைப்பு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

4. கியூனியஸ்: லத்தீனில் ஆப்பு. கோரியத்தின் நுனியில், சவ்வுக்கு முன்னால், வெட்டி ஒட்டியது போல் தனித்துத் தெரியும் சிறு முக்கோணத் துண்டு. இது எல்லா நாவாய்ப் பூச்சிக்கும் கிடையாது. சில குடும்பங்களில் மட்டுமே உண்டு. இந்தச் சிறு ஆப்புத்தான் விவசாயிக்கு மிகவும் உதவும் அடையாளம். காரணம் பின்னால் வருகிறது.

முன் இறக்கைக்குக் கீழே பின் இறக்கை மறைந்திருக்கிறது. அது முழுவதும் சவ்வே. பறக்கும்போது முன் இறக்கையின் அடிப்புறத்தில் உள்ள ஒரு சிறு பற்று பின் இறக்கையின் விளிம்பைக் கவ்விக்கொள்கிறது. அதனால் இரண்டும் சேர்ந்து ஒரே இறக்கை போல் அடிக்கின்றன.

முதுகைப் பார்த்தே பிரிக்கலாம்

பெயர்கள் நினைவில் நிற்கவில்லை என்றாலும் பரவாயில்லை. பூச்சி உட்கார்ந்திருக்கும்போது அதன் முதுகில் என்ன கோலம் தெரிகிறது என்று பார்த்தால் போதும்.

முதுகின் நடுவே நேர்க்கோடு ஓடினால் அது வண்டு. இரு ஓடுகளும் நடுவில் சந்திக்கும் கோடு அது. பொறி வண்டைப் பார்த்தால் இது விளங்கும்.

முதுகு தட்டையாக இருந்து, பெருக்கல் குறி போட்டது போல் கோடுகள் குறுக்கிட்டால் அது நாவாய்ப் பூச்சி. இரு இறக்கைகளின் சவ்வு நுனிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இந்தக் குறி உண்டாகிறது. குறியின் மேல் பகுதியில் முக்கோணக் கேடயம் பொருந்தி நிற்கும்.

இறக்கைகள் ஓலைக் குடிசையின் கூரைபோல் இருபுறமும் சரிந்து நின்றால் அது தத்துப்பூச்சி வகை. அதன் உணர்கொம்பு மயிரிழைபோல் மிகச் சிறியது. கண்ணுக்கு எளிதில் படாது. நாவாய்ப் பூச்சிகளில் பயிரில் வாழ்பவற்றின் உணர்கொம்பு நீண்டு, தெளிவாகத் தெரியும்.

கதிரில் பால் குடிக்கும் கள்வன்

கதிர் நாவாய்ப் பூச்சி ஒல்லியான உடலும், நீண்ட கால்களும், நீண்ட உணர்கொம்பும் கொண்டது. நிறம் பசுமை கலந்த பழுப்பு. சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முன் இறக்கையில் கோரியம் நீண்டு குறுகியது. சவ்வில் பல நரம்புகள் ஏறத்தாழ ஒரே திசையில் வரிவரியாக ஓடும். கியூனியஸ் எனும் ஆப்பு இதற்குக் கிடையாது.

தாய்ப்பூச்சி நெல் இலையின் மேல் வரிசையாக முட்டையிடும். வெளிவரும் குஞ்சுக்கு இறக்கை இராது. இதற்குக் கூட்டுப்புழுப் பருவமும் இல்லை. ஐந்து முறை தோல் உரிக்கிறது. வளர வளர முதுகின் இருபுறமும் சிறு மொட்டுகள் போல் இறக்கை அரும்பு தெரியும். கடைசித் தோலை உரித்த பிறகே முழு இறக்கை விரிகிறது. ஆகவே வயலில் இறக்கையில்லாத பச்சைக் குஞ்சுகள் தென்பட்டால், பூச்சி வேறிடத்திலிருந்து பறந்து வந்து மேய்ந்து போகவில்லை, அங்கேயே குடும்பம் நடத்துகிறது என்று பொருள்.

குஞ்சும் தாயும் பால் பிடிக்கும் மணியில் ஊசி வாயைக் குத்திப் பாலை உறிஞ்சிவிடும். இளம் மணி பதராகிறது. சற்று முற்றிய மணியாக இருந்தால் கறை படிந்து, அரைவையில் நொறுங்குகிறது. களத்தில் தூற்றும்போதுதான் நட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இராது.

இறக்கையுள்ள பூச்சி நன்றாகப் பறக்கும். ஒருவர் மருந்தடித்தால் பக்கத்து வயலுக்குப் போய், மறுநாள் திரும்பி வரும். ஒரு கண்டத்தில் உள்ள விவசாயிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடவு செய்து, ஒரே சமயத்தில் நடவடிக்கை எடுத்தால்தான் பலன் உண்டு. முன்னும் பின்னுமாக நட்டால், முதலில் பூத்த வயலில் பெருகி அடுத்தடுத்துப் பூக்கும் வயல்களுக்குப் பறந்துகொண்டே இருக்கும். நெல் பூக்காத காலத்தில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள புல் இனங்களில் தங்கும். எனவே நெல் பூக்கும் முன்பே வரப்புப் புல்லைச் செதுக்கிவிட வேண்டும்.

கேடயம் மூடிய கருநாவாய்ப் பூச்சி

நெல் தூரின் அடியில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கறுப்பாக, மினுமினுப்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியைப் பலர் வண்டு என்று நினைக்கிறார்கள். அது கருநாவாய்ப் பூச்சி. முதுகில் பெருக்கல் குறி தெரியாது. காரணம், முக்கோணமாக இருக்க வேண்டிய கேடயம் இதற்கு வளர்ந்து நீண்டு, முதுகின் பெரும் பகுதியை மூடிவிட்டது. இறக்கையின் ஓரங்கள் மட்டும் இருபுறமும் எட்டிப் பார்க்கும்.

வண்டா, நாவாய்ப் பூச்சியா என்று சந்தேகம் வந்தால் நடுக்கோட்டைத் தேட வேண்டும். வண்டுக்கு முதுகின் நடுவே கோடு உண்டு. கருநாவாய்ப் பூச்சியின் கேடயம் ஒரே துண்டு. நடுவில் பிளவு இராது. திருப்பிப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் ஊசி வாய் மடங்கிப் படிந்திருக்கும். இது தண்டுச் சாற்றை உறிஞ்சிப் பயிரைக் குன்ற வைக்கும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும் பழக்கம் உள்ளதால், விளக்குப் பொறி வைத்துக் கணிசமாக அழிக்கலாம். வயலில் வாத்து மேய விட்டால் அடித்தூரில் இருப்பதைப் பொறுக்கித் தின்றுவிடும்.

ஆப்பு உள்ள நண்பன்

இனி பச்சை மிரிட் நாவாய்ப் பூச்சிக்கு வருவோம். சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு பூச்சி இது. உடல் பச்சை. தலையிலும் கழுத்துத் தகட்டிலும் கறுப்பு அடையாளம் இருக்கும். பச்சைத் தத்துப்பூச்சியுடன் சேர்த்து இதையும் கொன்றுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது, முதுகு. தத்துப்பூச்சியின் இறக்கை கூரைபோல் சரிந்து நிற்கும். மிரிட் பூச்சியின் முதுகு தட்டையாக, இறக்கை நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இருக்கும்.

இரண்டாவது, ஆப்பு. பூதக்கண்ணாடியால் பார்த்தால் மிரிட் பூச்சியின் தோல் பகுதி முடியும் இடத்தில் கியூனியஸ் எனும் சிறு ஆப்புத் தெரியும். அந்த இடத்தில் இறக்கை சற்றே கீழ்நோக்கி வளைந்து, அதன்பின் சவ்வு தொடங்கும். சவ்வில் வரிவரியான நரம்பு இராது. ஒன்றிரண்டு மூடிய கண்ணிகள் மட்டும் இருக்கும். தத்துப்பூச்சிக்கு ஆப்பும் இல்லை, தனியான சவ்வும் இல்லை. ஆண் பச்சைத் தத்துப்பூச்சியின் இறக்கை நுனி கறுத்திருக்கும். அதைச் சவ்வு என்று எண்ணி ஏமாறக் கூடாது.

மூன்றாவது, நடை. தத்துப்பூச்சி கை பட்டால் பக்கவாட்டில் நகர்ந்து, சட்டென்று தாவும். மிரிட் பூச்சி நீண்ட உணர்கொம்பை அசைத்துக்கொண்டு தூரில் மேலும் கீழும் வேகமாக நடந்து தேடும்.

அது தேடுவது புகையானின் முட்டையை. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. மிரிட் பூச்சியின் ஊசி வாய் எட்டுகிறது. ஒரு பூச்சி நாளொன்றுக்கு ஏழு முதல் பத்து முட்டைகள் வரை, அல்லது ஒன்று முதல் ஐந்து தத்துப்பூச்சிகள் வரை தின்னக்கூடியது என்று கணக்கிடப்பட்டுள்ளது. மருந்தடித்தால் மிரிட் பூச்சியும் சிலந்தியும் சாகின்றன. உறைக்குள் இருக்கும் புகையான் முட்டை பிழைத்துக்கொள்கிறது. காவல் இல்லாத வயலில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகள் தடையின்றிப் பெருகுகின்றன. மருந்தடித்த வயலில் புகையான் வந்த மர்மம் இதுவே.

இது ஏதோ ஓர் ஊரில் நடக்கும் விஷயம் அல்ல. இந்தோனேசியாவில் புகையான் சேதம் மிகுந்தபோது, மருந்தே புகையானைப் பெருக்குகிறது என்பதை உணர்ந்த அந்நாட்டு அரசு, 1986-ஆம் ஆண்டில் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துத் தயாரிப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரே ஆணையில் தடை செய்தது.

இறக்கை மட்டும் போதுமா?

போதாது. ஆப்பு இருந்தால் எல்லாம் நண்பன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முந்திரி, தேயிலை, வேம்பு, கொய்யா ஆகியவற்றின் தளிரையும் காயையும் குத்திக் கருக்கும் தேயிலைக் கொசுவும் மிரிட் குடும்பமே. அதன் இறக்கையிலும் ஆப்பு உண்டு. ஆனால் அதன் முக்கோணக் கேடயத்தில் குண்டூசி நட்டு வைத்தது போல் ஒரு முள் நிற்கும். அதைக் கண்டால் பகைவன் என்று தெரிந்துகொள்ளலாம்.

இறக்கை ஒரு பூச்சி எந்தக் குடும்பம் என்று சொல்லும். அது எதைத் தின்கிறது என்று அறிய வாயையும் பார்க்க வேண்டும். செடிச் சாறு உறிஞ்சுபவற்றின் ஊசி வாய் பெரும்பாலும் மெல்லியதாக, நீண்டு, வயிற்றோடு ஒட்டிப் படிந்திருக்கும். பிற பூச்சியைக் குத்திக் கொல்லும் ரெடுவிட் நாவாய்ப் பூச்சியின் வாய் குட்டையாக, தடித்து, கொக்கிபோல் வளைந்து இருக்கும். அதன் இறக்கைச் சவ்வில் இரண்டு பெரிய கண்ணிகள் தெரியும். புழுக்களைப் பிடித்துத் தின்னும் நல்ல நண்பன் அது. ஆனால் வெறுங் கையால் பிடிக்கக் கூடாது. குத்தினால் கடுமையாக வலிக்கும்.

புகையானின் இரு உருவங்கள்

இறக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் மிக முக்கியமானது புகையானின் இறக்கை நீளம். புகையான் தத்துப்பூச்சி வகை. ஆப்பு, சவ்வு எதுவும் இல்லை. ஆனால் ஒரே இனத்தில் இரண்டு உருவம் உண்டு. ஒன்று நீள் இறக்கை உடையது. இறக்கை வயிற்றைத் தாண்டி நீண்டிருக்கும். மற்றொன்று குறு இறக்கை உடையது. இறக்கை வயிற்றின் பாதி வரையே வரும், பறக்க உதவாது. பலர் குறு இறக்கைப் புகையானை இளங்குஞ்சு என்று எண்ணி அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது குஞ்சு அல்ல. முழு வளர்ச்சி அடைந்த தாய்.

இந்த இரு உருவத்துக்கும் வேலைப் பங்கீடு உண்டு. நீள் இறக்கைப் பூச்சி இடம் தேடிப் போவதற்கு. காற்றோடு வெகுதூரம் செல்ல வல்லது. 1967-ஆம் ஆண்டில் ஜப்பானிய வானிலைக் கப்பல் ஒன்று, நிலத்திலிருந்து சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் நெல் தத்துப்பூச்சிக் கூட்டத்தைக் கண்டது. குளிர்காலத்தைத் தாங்க முடியாத புகையான் ஆண்டுதோறும் ஜப்பான் வயலில் எப்படித் தோன்றுகிறது என்ற கேள்விக்கு அதில் விடை கிடைத்தது.

குறு இறக்கைப் பூச்சி இருந்த இடத்திலேயே பெருகுவதற்கு. பறப்பதற்குச் செலவாகும் சத்தை முட்டைக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் நீள் இறக்கைத் தாயைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் முட்டையிடுகிறது.

இளம் பயிரில் முதலில் வந்து இறங்குபவை நீள் இறக்கையுடையவை. பயிர் பசுமையாக, சத்து மிகுந்து, நெரிசல் இல்லாமல் இருந்தால் அவற்றின் குஞ்சுகளில் பல குறு இறக்கைத் தாய்களாக வளர்கின்றன. தூர் முழுவதும் பூச்சி மண்டி, பயிர் முதிர்ந்து சாறு குறைந்ததும், அடுத்து வருபவை நீள் இறக்கையோடு பிறந்து வேறு வயலுக்குப் புறப்படுகின்றன. குஞ்சின் உடலில் உள்ள இன்சுலின் சம்பந்தமான இரு ஏற்பிகளே இறக்கை நீளுவதா, குறுகுவதா என்பதைத் தீர்மானிக்கின்றன என்று சீன விஞ்ஞானிகள் 2015-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

விவசாயிக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி எளியது. தூரில் நீள் இறக்கைப் புகையான் ஒன்றிரண்டு தென்பட்டால் விருந்தாளி வந்திருக்கிறது என்று பொருள். குறு இறக்கைத் தாய்கள் தென்பட்டால் விருந்தாளி வீடு கட்டிக்கொண்டது என்று பொருள். அதன்பின் வாரம் இருமுறை வயலில் இறங்கிப் பார்க்காமல் இருக்கக் கூடாது. நீள் இறக்கைப் பூச்சிகள் கூட்டமாகத் தோன்றி, பயிரும் மஞ்சளாகத் தொடங்கினால் அந்த வயலில் வேலை முடிந்து அவை கிளம்புகின்றன. அண்டை வயல்காரரை உடனே எச்சரிக்க வேண்டும். 1973-74இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருஞ் சேதம் விளைவித்தது. இவ்வளவு சிறிய பூச்சி அவ்வளவு பெரிய பரப்பை அழிக்க முடிந்ததற்கு இந்த இரட்டை இறக்கைத் தந்திரமும் ஒரு காரணம்.

விளக்குப் பொறி சொல்லாதது

விளக்குப் பொறியில் விழும் புகையானை எண்ணிப் பார்த்து, குறைவாக இருந்தால் நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்த நிம்மதி தவறானது. விளக்குக்குப் பறந்து வருவது நீள் இறக்கைப் பூச்சி மட்டுமே. குறு இறக்கைத் தாயால் பறக்க முடியாது. அது தூரின் அடியில், இருட்டில், நீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். வரப்பில் நின்று பார்த்தாலும் தெரியாது. வயலுக்குள் இறங்கி, குத்தை விலக்கி, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியவை

நடவின்போதே எட்டடிக்கு ஓரடி வீதம் பட்டம் விட வேண்டும். காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்குப் போவதால் புகையான் பெருகுவது மட்டுப்படும். குனிந்து பார்க்கவும் மருந்து அடிக்கவும் வழியும் கிடைக்கும். தழைச்சத்தை ஒரேயடியாக இடாமல் பிரித்து இட வேண்டும். யூரியா மிகுந்த பயிர் புகையானுக்கு விருந்து.

புகையானுக்கு எண்ணிக்கை வரம்பு: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். குத்து வேறு, தூர் வேறு என்பதை மறக்க வேண்டாம். இருபது தூர் உள்ள குத்தில் பத்துப் பூச்சி இருந்தால் அது வரம்புக்குக் கீழேதான். மிரிட் பூச்சி நடமாட்டம் நன்றாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுத்து, மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

வரம்பை எட்டினால் முதல் வேலை நீரை வடிப்பது. மூன்று நான்கு நாள் வயலைக் காயவிட்டால் அடித்தூரின் ஈரம் குறைந்து பூச்சி தளரும். மருந்து தேவைப்பட்டால் பயிரின் மேலே அல்ல, தூரின் அடிப்பகுதியில் படும்படி அடிக்க வேண்டும். செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகள் புகையானை மீண்டும் பெருகச் செய்பவை. அவற்றை நெல்லில் தவிர்க்க வேண்டும்.

கதிர் நாவாய்ப் பூச்சிக்கு வரம்பு: பூக்கும் சமயத்தில் நூறு கதிருக்கு ஐந்து பூச்சி. பால் பிடித்ததிலிருந்து மணி முற்றும் வரை நூறு கதிருக்கு பதினாறு பூச்சி. காலையிலோ மாலையிலோ வயலின் பல இடங்களில் பார்த்து எண்ண வேண்டும். வெயில் ஏறினால் பூச்சி மறைந்துகொள்ளும்; கணக்குத் தப்பும்.

வரம்பைத் தாண்டினால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பூக்கும்போது ஒரு முறையும், ஒரு வாரம் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, 200 லிட்டர் ஆக்கித் தெளிக்க வேண்டும். சாற்றை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

இரசாயன மருந்துதான் வேண்டும் என்ற நிலை வந்தால், வீட்டில் எப்போதோ வாங்கி வைத்த பொட்டலத்தையோ பழைய சிபாரிசையோ நம்பக் கூடாது. நெல்லுக்குத் தூவிய பல மருந்துகள் பின்னர் தடை செய்யப்பட்டுவிட்டன. இப்போது அனுமதிக்கப்பட்டது எது, அளவு என்ன என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டே வாங்க வேண்டும். கேட்கப் போகும்போது பூச்சியைப் புட்டியில் அடைத்துக் கையோடு கொண்டு போவது மிகவும் நல்லது. ‘பச்சையாக ஏதோ பறக்கிறது’ என்று சொல்வதைவிட, ‘முதுகு தட்டையாக இருக்கிறது, இறக்கையில் ஆப்பு இருக்கிறது’ என்று சொல்லும் விவசாயிக்குச் சரியான பதில் கிடைக்கும்.

ஒரு முறை மருந்தடிக்க மருந்துக்கும் ஆளுக்கும் ஆகும் செலவை விவசாயிகள் அறிவார்கள். அதைத் தவறான பூச்சியின் மேல் செலவழித்தால் பணமும் போகிறது, காவலும் போகிறது, கடைசியில் விளைச்சலும் போகிறது. பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆகும் செலவு மிகக் குறைவு. தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், வயலில் இறங்கிக் குனிந்து, பூச்சியின் முதுகைப் பார்க்க வேண்டும். நடுக்கோடா, பெருக்கல் குறியா, கூரையா? ஆப்பு உண்டா? இறக்கை நீளமா, குட்டையா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு மருந்தை எடுப்பதா, பொறுப்பதா என்று முடிவு செய்தால் போதும்.